வைத்தியரின் கையொப்பமும் அயல்வீட்டுப் பிள்ளையும்

(கமக்காரரும் வைத்தியர்களும் ஆசிரியர்களும் கூடியிருந்த அவையில் சட்டத்தரணி ஒருவர் ஆற்றிய உரை)



வைத்திய அத்தாட்சிப் பத்திரம் என்று சொன்னவுடனேயே இந்த அவையில் பலருடைய முகத்தில் புன்னகை அரும்புவதைக் காண்கிறேன். வழக்குக்குத் தவணை வேண்டுமா? ஒரு பத்திரம். கந்தோருக்கு விடுமுறை வேண்டுமா? ஒரு பத்திரம். வயிற்றுவலி உண்மையில் இருந்ததா என்று கேட்பாரும் இல்லை. கேட்டாலும் சொல்வாரும் இல்லை. இச்சிறு பொய்யினால் யாருக்கு என்ன நட்டம் என்று நாம் சிரித்துக்கொண்டு போய்விடுகிறோம்.

இன்று நான் பேச வந்திருப்பது, அத்தகைய பத்திரமொன்று ஒரு நாட்டின் சட்டசபைகளையும் நீதிமன்றங்களையும் பல ஆண்டுகளாக ஆட்டிவைத்த வரலாற்றைப் பற்றி. நாடு அமெரிக்க ஐக்கிய நாடுகள். பத்திரம், "இப்பிள்ளைக்குத் தடுப்பூசி ஏற்றலாகாது" என்று வைத்தியர் கையொப்பமிட்டுக் கொடுப்பது. வழக்கு அவர்களுடையது. ஆயின் அதற்குள் இருக்கும் கேள்வி, கையொப்பமிடும் அதிகாரம் பெற்ற ஒவ்வொருவரையும், அந்தக் கையொப்பத்தை நம்பி வாழும் ஒவ்வொருவரையும் நோக்கிக் கேட்கப்படுவது.

சட்டத்தின் அடித்தளம்

முதலில் சட்ட நிலையைச் சொல்கிறேன். 1902ஆம் ஆண்டில் மசாசுசெற்ஸ் மாநிலத்துக் கேம்பிரிட்ஜ் நகரிற் பெரியம்மை பரவியது. நகரத்துச் சுகாதார சபை, அண்மைக் காலத்தில் அம்மைப்பால் குத்தியிராத நகரவாசிகள் யாவரும் அதனைக் குத்திக்கொள்ள வேண்டுமெனக் கட்டளையிட்டது. சுவீடனிற் பிறந்த ஹெனிங் ஜேக்கப்சன் என்னும் போதகர் மறுத்தார். சிறுவயதில் அம்மைப்பாலினால் தாம் பெரிதும் துன்புற்றதாகவும், தம் மகனுக்கும் தீங்கு நேர்ந்ததாகவும் அவர் கூறினார். அவருக்கு விதிக்கப்பட்ட தண்டம் ஐந்து டொலர். அந்த ஐந்து டொலரைக் கட்டாது உச்ச நீதிமன்றம் வரை அவர் சென்றார்.

1905ஆம் ஆண்டு பெப்ரவரி 20ஆம் திகதி, எழுவர் ஒருபுறமும் இருவர் மறுபுறமுமாக நின்று அம்மன்று அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. தீர்ப்பை எழுதியவர் நீதியரசர் ஜோன் மார்ஷல் ஹார்லன். தனியொருவனின் சுதந்திரம் எல்லையற்றதன்று. பலர் சேர்ந்து வாழும் சமுதாயத்தில், அனைவரின் பாதுகாப்பை முன்னிட்டு நியாயமான கட்டுப்பாட்டை விதிக்க மாநிலத்துக்கு அதிகாரம் உண்டு என்பது அத்தீர்ப்பின் சாரம்.

ஆனால் அன்பர்களே, இத்தீர்ப்பை எடுத்துக்காட்டுவோர் அதன் மறுபாதியைச் சொல்ல மறந்துவிடுகின்றனர். ஐந்து டொலர் தண்டம் விதிக்கலாம் என்றதே தீர்ப்பு. ஆளைப் பிடித்துக் கட்டி ஊசி ஏற்றலாம் என்று அது சொல்லவில்லை. அந்த மசாசுசெற்ஸ் சட்டமே, அம்மைப்பாலுக்குத் தகுதியற்ற குழந்தை என்று பதிவுபெற்ற வைத்தியர் அத்தாட்சி கொடுத்தால் அக்குழந்தைக்கு விலக்களித்திருந்தது. வளர்ந்தவனாயினும், உடல்நிலை காரணமாக ஊசி ஏற்றுவது கொடுமையாகுமென்றால் அவனைக் காக்க நீதிமன்றம் தலையிடலாம் என்றும் ஹார்லன் எழுதினார். கட்டாயமும் விதிவிலக்கும் இரட்டைப் பிள்ளைகளாகப் பிறந்தவை. ஒன்றை ஏற்று மற்றதைக் கைவிடுவார் இரண்டையும் இழப்பர்.

1922இல் ரெக்சாஸ் மாநிலத்துச் சான் அன்ரோனியோ நகரத்து வழக்கொன்று வந்தது. அம்மைப்பால் குத்தாத மாணவியைப் பாடசாலை விலக்கியது. அவ்விலக்கு செல்லும் என நீதியரசர் பிராண்டைஸ் எழுதிய தீர்ப்பை மன்று ஒருமுகமாக ஏற்றது. 1944இல் வேறொரு வழக்கு. சிறுமியொருத்தி தெருவில் மதப் பிரசுரம் விற்றது பற்றியது அது. அதில் அம்மன்று, மதச் சுதந்திரம் என்பது தன் பிள்ளையையோ ஊரையோ தொற்றுநோய்க்கு ஆளாக்கும் சுதந்திரத்தை உள்ளடக்காது என்ற கருத்தையும் சொல்லி வைத்தது. இந்த மூன்று தூண்களின் மேலேயே அந்நாட்டுப் பாடசாலைத் தடுப்பூசிச் சட்டங்கள் நின்றன.

இரு வாயில்கள்

விதிவிலக்கு இருவகைப்படும். ஒன்று உடலின் பேராற் கேட்பது. மற்றது மனச்சாட்சியின் பேராற் கேட்பது. இரண்டாவதன் வரலாறு இங்கிலாந்திலிருந்து வருகின்றது. 1853இல் அந்நாடு குழந்தைகளுக்கு அம்மைப்பாலைக் கட்டாயமாக்கியது. எதிர்த்த பெற்றோர் தண்டங் கட்டினர். சிலர் சிறையும் சென்றனர். 1885இல் இலெஸ்டர் நகரிற் பெருங்கூட்டம் திரண்டு எதிர்ப்புக் காட்டியது. ஈற்றில் 1898ஆம் ஆண்டுச் சட்டம், அம்மைப்பால் தன் குழந்தைக்குத் தீங்கு செய்யும் என்று மனச்சாட்சிப்படி நம்புவதாக நீதவானைத் திருப்திப்படுத்தும் பெற்றோருக்கு விலக்களித்தது.

கலிபோர்ணியா மாநிலத்திலும் இவ்விரு வாயில்களும் நெடுங்காலம் திறந்திருந்தன. 2014 டிசம்பரில் அங்குள்ள டிஸ்னிலாந்து என்னும் களியாட்டப் பூங்காவிலிருந்து சின்னமுத்து பரவியது. அம்மாநிலத்தில் மட்டும் 131 பேர் நோயுற்றனர். அடுத்த ஆண்டு, குழந்தை வைத்தியரும் மூதவை உறுப்பினருமான ரிச்சட் பான் முன்னின்று கொணர்ந்த மசோதாவில், 2015 ஜூன் 30ஆம் திகதி ஆளுநர் ஜெரி பிரௌண் கையொப்பமிட்டார். 2016 ஜூலை முதலாந் திகதியிலிருந்து, பாடசாலை செல்லும் பிள்ளைக்குத் தனிப்பட்ட நம்பிக்கையின் பேரால் விலக்குக் கேட்கும் வாயில் மூடப்பட்டது. வீட்டில் வைத்துக் கற்பிப்போருக்குத் தடையில்லை. உடல்நிலையின் பேரால் வைத்தியர் தரும் விலக்கும் தொடர்ந்தது.

பயன் உடனே தெரிந்தது. பாலர் வகுப்பிற் சேரும் பிள்ளைகளுள் எல்லா ஊசிகளும் பெற்றோர் 2015-16இல் நூற்றுக்கு 92.8, அடுத்த ஆண்டில் 95.6. ஆனால் கமக்காரர் அறிவர்: ஒரு துருசை மூடினால் நீர் மற்றத் துருசிற்போய் முட்டும். அவ்வாறே நடந்தது. வைத்திய விலக்குப் பெற்ற பாலர் 2015-16இல் நூற்றுக்கு 0.2 ஆக இருந்தனர். 2018-19இல் 0.9 ஆகப் பெருகினர். மூன்று ஆண்டுகளில் நாலு மடங்குக்கு மேல்! சில பாடசாலைகளிற் பத்தில் ஒரு பிள்ளைக்கு மேல் விலக்கு. மூன்றே ஆண்டுகளில் கலிபோர்ணியாவின் பிள்ளைகளுடைய உடல்கள் நாலு மடங்கு நலிந்துவிட்டனவா? இல்லை. மூடிய வாயிலின் முன் நின்ற கூட்டம் மறுவாயிலுக்குச் சென்றது. அங்கே கதவு திறக்கச் சில வைத்தியர்கள் காத்திருந்தனர்.

யாருக்காக அந்த விலக்கு?

கணக்குத் தெரிந்தோர் கேட்கலாம்: நூற்றுக்கு ஒன்று கூட இல்லையே, அதற்கு ஏன் இத்தனை ஆரவாரம் என்று. விடையை உங்கள் குளத்திலிருந்தே சொல்கிறேன். குளக்கட்டு ஊர் முழுவதற்கும் பொது. ஒருவன் தன் வயலுக்கு நேரே கட்டில் ஒரு சாண் வெட்டிவிட்டு, "மீதி முழுவதும் அப்படியே இருக்கின்றதே" என்று சொன்னால் ஊரார் ஏற்பார்களா? சின்னமுத்து மனித நோய்களுள் மிக எளிதிற் தொற்றுவது. எதிர்ப்புச் சக்தி இல்லாத ஊரில் ஒரு நோயாளியிடமிருந்து பன்னிரண்டு முதல் பதினெட்டுப் பேர் வரை தொற்றும். அதைத் தடுத்து நிறுத்த நூற்றுக்கு ஏறத்தாழ 95 பேர் ஊசி பெற்றிருக்க வேண்டும். எஞ்சிய ஐந்து இடங்களே உடைப்பில்லாமல் ஊர் தாங்கக்கூடிய இடைவெளி.

அந்த ஐந்து இடங்கள் யாருக்கு உரியவை? இரத்தப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறும் பிள்ளைக்கு உரியவை. சின்னமுத்து ஊசியில் உயிருள்ள நுண்கிருமி நலிவித்து வைக்கப்பட்டிருக்கின்றது. நோயெதிர்ப்புச் சக்தி அற்ற உடல் அதனைத் தாங்காது. முன்னர் ஏற்றிய ஊசியால் மூச்சுத் திணறி உயிராபத்தான ஒவ்வாமை கண்ட பிள்ளைக்கு உரியவை. குக்கல் ஊசிக்குப் பின் ஏழு நாளுக்குள், வேறு காரணமின்றி மூளை பாதிக்கப்பட்ட பிள்ளைக்கு உரியவை. ஊசி ஏற்றும் வயதை இன்னும் அடையாத கைக்குழந்தைக்கு உரியவை. இவர்கள் தங்களைத் தாங்களே காத்துக்கொள்ள முடியாதவர்கள். சுற்றியிருக்கும் பிள்ளைகளின் உடலே இவர்களுக்கு வேலி.

ஆகவே நோயில்லாத பிள்ளைக்கு நோயின் பேரால் விலக்குக் கொடுக்கும் வைத்தியர் அரசாங்கத்தை மட்டும் ஏமாற்றுவதில்லை. இரத்தப் புற்றுநோயுள்ள பிள்ளைக்குரிய இடத்தை எடுத்து, கட்டணஞ் செலுத்தியவரின் பிள்ளைக்குக் கொடுக்கின்றார். அநாதைகளுக்கென வைத்த அரிசியை அள்ளி விற்பதற்கும் இதற்கும் வேறுபாடு எனக்குத் தெரியவில்லை.

குற்றப்பத்திரங்கள்

2015ஆம் ஆண்டுச் சட்டத்தின் வாசகமே இதற்கு இடந்தந்தது. பிள்ளையின் உடல்நிலை அல்லது வைத்தியச் சூழ்நிலை காரணமாக ஊசி பாதுகாப்பானதன்று என வைத்தியர் எழுதினாற் போதும். அச்சூழ்நிலையுட் குடும்ப நோய் வரலாறும் அடங்கும் என்று சட்டம் கூறிற்று. எழுதிய பத்திரத்தை வேறெந்த வைத்தியரும் பரிசோதிக்க ஏற்பாடில்லை. மாமனுக்கு இழுப்பு, பாட்டிக்குத் தோல் வியாதி என்பனவெல்லாம் காரணங்களாயின. சட்டம் எழுதுவோர் ஒரு தொடரைத் தாராளமாக வைத்தால், அதனூடாக ஒரு வண்டியே போகும் என்பதற்கு இது சான்று.

ரொபேட் சியர்ஸ் என்பவர் அம்மாநிலத்துக் குழந்தை வைத்தியர்; தடுப்பூசி பற்றி 2007இல் நூலெழுதிப் பெயர் பெற்றவர். 2014இல் இரண்டு வயதுப் பிள்ளையொன்றுக்கு எல்லா ஊசிகளினின்றும் விலக்களித்து அவர் கடிதம் எழுதினார். தாய் சொன்னதை மட்டுங் கேட்டு, முந்திய வைத்தியக் குறிப்புகளைப் பெறாமலே அக்கடிதம் எழுதப்பட்டது என்று மாநில வைத்திய சபை 2016இற் குற்றப்பத்திரம் தாக்கல் செய்தது. 2018இல் இரு தரப்பும் இணக்கங் கண்டன. உரிமம் நீக்கம், ஆனால் அந்நீக்கம் நிறுத்திவைப்பு, 35 மாத நன்னடத்தைக் காலம், ஒழுக்கநெறிப் பாடம், இன்னொரு வைத்தியரின் மேற்பார்வை. அதுவே தீர்வு.

சான்பிரான்சிஸ்கோவில் வேறொரு வைத்தியர், கடையில் விற்கும் பரம்பரையலகுப் பரிசோதனைகளை ஆதாரமாகக் காட்டி விலக்குகள் எழுதினார். அவருடைய உரிமம் 2021இல் முற்றாக நீக்கப்பட்டது.

சட்டத்தரணி என்ற முறையில் நீங்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டுகிறேன். முதலாம் வழக்கிற் குற்றச்சாட்டு யாது? "தடுப்பூசியைப் பற்றி இவர் தவறான கொள்கை உடையவர்" என்பதன்று. "குறிப்புகளைப் பாராமற் கையொப்பமிட்டார்" என்பதே. கொள்கைக்காக ஒருவரைத் தண்டித்தல் வேறு. கடமை தவறியதற்காகத் தண்டித்தல் வேறு. இந்த வேறுபாட்டைக் கலிபோர்ணியாவே பின்னர் ஒருமுறை மறந்தது. கொரோனா நோய் பற்றித் தவறான தகவலை நோயாளிக்குச் சொல்லும் வைத்தியரைத் தண்டிக்க 2022இல் அது சட்டமியற்றியது. 2023 ஜனவரியில் சமஷ்டி நீதிபதி ஒருவர் அதனைத் தடுத்து நிறுத்தினார். அதே ஆண்டில் சட்டசபையே அதனை நீக்கிவிட்டது. எது தவறான தகவல் என்பதைச் சட்டம் தெளிவாக வரையறுக்கவில்லை. வைத்தியருக்கு வாய் உண்டு. அவர் பேசட்டும், எழுதட்டும், வாதிடட்டும். ஆனால் அத்தாட்சியிற் போடும் கையொப்பம் அவருடைய சொந்தப் பேச்சன்று. சமுதாயம் அவரிடம் ஒப்படைத்த முத்திரை அது. நொத்தாரிசு ஒருவர் அரசியல் மேடையில் எதையும் பேசலாம்; ஆனால் தன் முன் கையொப்பமிடாதவர் கையொப்பமிட்டார் என்று உறுதியில் எழுதினால் அவருக்கு மன்னிப்பு உண்டோ?

2019ஆம் ஆண்டுச் சட்டம்

இந்த நிலையில் 2019 செப்ரெம்பர் 9ஆம் திகதி ஆளுநர் கவின் நியூசம் இரு மசோதாக்களிற் கையொப்பமிட்டார். அவற்றின் ஏற்பாடுகள் நம் சட்டத்தரணிகளும் வைத்தியர்களும் கவனித்தற்குரியவை.

விலக்குகள் யாவும் மாநிலம் முழுவதற்கும் பொதுவான ஒரே படிவத்தில், 2021 முதல், மாநிலப் பதிவேட்டில் நேரே பதியப்பட வேண்டும். படிவத்தை நிரப்ப வைத்தியர் கட்டணம் பெறலாகாது. தற்காலிக விலக்கு ஓராண்டுக்கு மேற் செல்லாது. ஒரே ஆண்டில் ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட விலக்குகள் எழுதும் வைத்தியரின் பத்திரங்களும், நூற்றுக்கு 95இற்குக் குறைவான பிள்ளைகளே ஊசி பெற்ற பாடசாலைகளின் பத்திரங்களும் சுகாதாரப் பகுதியின் வைத்தியத் தகுதியுள்ளோராற் பரிசீலிக்கப்படும். ஏற்கப்பட்ட வைத்திய நெறிக்கு அமையாத பத்திரம் நீக்கப்படலாம். நீக்கினால், 30 நாளுக்குள் மேன்முறையீடு செய்யலாம். அதனைக் கேட்பது மூன்று வைத்தியர்கள் கொண்ட சுதந்திரமான குழு. மேன்முறையீடு முடியும்வரை பிள்ளை வகுப்பில் இருக்கலாம்.

கடைசி ஏற்பாடு சிறிது. எனக்கு அதுவே பெரிது. தீர்ப்பு வருமுன் தண்டனை வரக்கூடாது என்பது இயற்கை நீதியின் முதற்பாடம். வைத்தியரின் பிழைக்குப் பிள்ளை வெளியே நிற்கவேண்டியதில்லை.

எதிர்த்தரப்பின் வாதம்

எதிர்த்தரப்பைக் கேளாமல் முடிவு சொல்வது என் தொழிலுக்கு அழகன்று. அவர்கள் சொல்வன நான்கு.

முதலாவது: பிள்ளையை நேரிற் கண்டவர் வைத்தியர், தலைநகரத்து அதிகாரி படிவத்தை மட்டும் காண்பவர், அவர் எவ்வாறு நீக்கலாம்? இவ்வாதத்தில் வலு உண்டு. நேர்மையான வைத்தியரும், ஐந்தாவது பத்திரம் எழுதும்போது கை நடுங்கலாம். மெய்யாகவே நோயுள்ள பிள்ளைக்கு அதனால் விலக்கு மறுக்கப்படலாம். அந்த அச்சத்தை நான் அலட்சியஞ் செய்யவில்லை. அதனாலேதான் மறுபரிசீலனையும் வைத்தியர்களின் கையிலேயே இருக்கவேண்டும் என்கிறேன். ஐந்து என்னும் எண் தண்டனையன்று. "காரணத்தைக் காட்டுக" என்னும் அழைப்பு மட்டுமே. காரணம் உள்ளவருக்குக் காட்டுவதில் என்ன தடை?

இரண்டாவது: நோயாளியின் குறிப்புகள் இரகசியம். இதுவும் மெய். 2019க்கு முன் வைத்திய சபையின் விசாரணைகள் பல இவ்விடத்திலேயே இடறின. பத்திரம் பெற்ற பெற்றோர் குறிப்புகளை வெளியிட இணங்கவில்லை. இணக்கமின்றிப் பெறுவதானால் தக்க காரணங் காட்டி நீதிமன்றத்தின் கட்டளை வேண்டும். புதிய படிவத்திற் பெற்றோரே குறிப்புகளைப் பார்வையிட இணக்கந் தெரிவிக்கின்றனர். பொது உரிமையொன்றைப் பெறும்போது, அதன் ஆதாரத்தைத் தகுந்த அதிகாரிக்குக் காட்டுதல் நியாயமே. ஆனால் அக்குறிப்பு அந்த அலுவலுக்கு அப்பால் ஓர் அங்குலமும் நகரக்கூடாது. அதைக் காப்பது சட்டத்தின் கடன்.

மூன்றாவது: கல்வி உரிமை. கலிபோர்ணியாவின் அரசியலமைப்பு கல்வியை அடிப்படை உரிமையாகக் கொள்கின்றது. 2018இல் அம்மாநில மேன்முறையீட்டு நீதிமன்றம் இரு வழக்குகளில் இவ்வாதத்தைக் கேட்டு நிராகரித்தது. தொற்றுநோயினின்று பிள்ளைகளைக் காத்தல் மிக வலிய அரச நோக்கம் என்றது. புதிய கருத்தன்று அது. 1890இலேயே அம்மாநில உச்ச நீதிமன்று பாடசாலைத் தடுப்பூசிச் சட்டத்தை உறுதிசெய்திருந்தது. கல்வி உரிமை நலிந்த பிள்ளைக்கும் உண்டு என்பதையும் நான் சேர்த்துச் சொல்வேன். வகுப்பிற் சின்னமுத்து வந்தால் முதலில் வீட்டில் அடைபடுவது அந்தப் பிள்ளை.

நான்காவது: ஊசியாலும் தீங்கு நேர்வதுண்டு. ஆம், மிக அரிதாக நேர்கின்றது. அதை மறைப்பவர் மக்களின் நம்பிக்கையைக் கெடுக்கின்றார். அமெரிக்கா 1986இற் சட்டமியற்றி, ஊசியாற் பாதிக்கப்பட்டோர் உற்பத்தியாளரின் குற்றத்தை நிரூபிக்க வேண்டாமலே நட்டஈடு பெற வழிவகுத்தது. ஊரின் நன்மைக்காகச் சுமையை ஏற்குமாறு கேட்கும் அரசு, அச்சுமையாற் காயம்பட்டவனைத் தூக்கிவிடவும் கடமைப்பட்டது. இந்த நான்காம் வாதத்துக்குரிய விடை நட்டஈடே. பொய்ப் பத்திரம் அன்று.

நியூயோர்க் தரும் பாடம்

நியூயோர்க் மாநிலம் வேறு வழியிற் சென்றது. 2018-19இல் நியூயோர்க் நகரில் மட்டும் 649 பேருக்குச் சின்னமுத்துக் கண்டது. 2019 ஜூனில் மத விலக்கு நீக்கப்பட்டது. ஓகஸ்டில் வைத்திய விலக்கின் விதிகளும் இறுக்கப்பட்டன. அங்கே வைத்தியரின் பத்திரத்தைப் பாடசாலை நிர்வாகமே, வேறு வைத்தியரின் ஆலோசனையைக் கேட்டு, நிராகரிக்க முடியும். அவ்வாறு நிராகரிக்கப்பட்ட பிள்ளைகளின் பெற்றோர் வழக்காடினர். 2022 ஜூலையில் சமஷ்டி மேன்முறையீட்டு நீதிமன்றம் அவர்களுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. விதிகள் அரசியலமைப்புக்கு முரணல்ல என்றது.

அத்தீர்ப்பு சட்டப்படி சரியாயிருக்கலாம். ஆயினும் இரு முறைகளையும் ஒப்பிட்டால் கலிபோர்ணியாவின் ஏற்பாட்டையே நான் விரும்புவேன். வைத்தியரின் முடிவை வைத்தியர் நிறுக்கட்டும். அதிபருக்குப் பாடசாலையை நடத்தும் பாரமே போதும். ஒரு பிள்ளையின் குருதியைப் பற்றித் தீர்ப்பளிக்கும் பாரத்தை அவர் தலையிலும் ஏற்றினால், அச்சத்தால் எல்லோரையும் மறுப்பார், அல்லது தயையால் எல்லோரையும் ஏற்பார்.

அதே மாநிலத்தில் இன்னொன்றும் நடந்தது. மருத்துவிச்சி ஒருவர் ஏறத்தாழ 1,500 பிள்ளைகளுக்கு ஊசிக்குப் பதிலாக ஹோமியோபதி உருண்டைகளைக் கொடுத்துவிட்டு, ஊசி ஏற்றியதாகவே பதிவேட்டில் எழுதினார். 2024 ஜனவரியில் மாநிலம் அவருக்கு 3,00,000 டொலர் தண்டம் விதித்ததாக அறிவித்தது. பிள்ளைகளின் பொய்ப் பதிவுகள் நீக்கப்பட்டன. விலக்கு வாயிலையும் இறுக்கினால் பொய் பதிவேட்டுக்குள்ளேயே புகும் என்பதை இது காட்டுகின்றது. சட்டத்தை மேலும் மேலும் இறுக்குவதனால் மட்டும் நேர்மை பிறவாது.

மதத்தின் பேராலான வழக்கு இன்னும் முடியவில்லை. நியூயோர்க்கின் அமிஷ் சமூகத்தார் தொடுத்த வழக்கிற் கீழ்மன்று மாநிலத்தின் பக்கம் நின்றது. 2025 டிசம்பரில் உச்ச நீதிமன்று அத்தீர்ப்பை நீக்கி, அவ்வாண்டு ஜூனிற் பாடசாலை நூல்கள் பற்றிய வேறொரு வழக்கிற் பெற்றோரின் மத உரிமைக்குச் சார்பாகத் தான் அளித்த தீர்ப்பின் ஒளியில் மீள ஆராயுமாறு திருப்பியனுப்பியது. 1905இல் நாட்டிய தூணை எவரும் இன்னும் சாய்க்கவில்லை. ஆனால் அதன் அடியில் மண் கிளறப்படுகின்றது என்று சட்டம் படித்தோர் சொல்லாமல் இருக்க முடியாது.

இவ்வாதங்கள் மன்றுகளில் நடந்துகொண்டிருக்க, நோய் தவணை கேட்பதில்லை. மனச்சாட்சியின் பேரால் விலக்களிக்கும் ரெக்சாஸ் மாநிலத்தின் மேற்குப் பகுதியில் 2025 ஜனவரியிற் சின்னமுத்து தொடங்கியது. ஓகஸ்டில் அது ஓய்ந்ததாக அறிவிக்கப்பட்டபோது நோயுற்றோர் 762 பேர். ஊசி பெறாத பாடசாலைப் பருவத்துப் பிள்ளைகள் இருவர் இறந்திருந்தனர். வேறு நோய் எதுவும் இல்லாத பிள்ளைகள் அவர்கள்.

நமக்குரியது

அன்பர்களே, நான் சொல்ல வந்தது இதுவே. கட்டாயச் சட்டம் நியாயமாக இருக்க வேண்டுமானால் அதற்குள் ஒரு மெய்யான விலக்கு இருக்க வேண்டும். அந்த விலக்கு உயிரோடிருக்க வேண்டுமானால் அதைக் காக்கும் கையொப்பம் மெய்யாயிருக்க வேண்டும். பொய்க் கையொப்பங்கள் பெருகும்போது அரசு செய்யக்கூடியது ஒன்றே: எல்லாக் கையொப்பங்களையும் ஐயுறுவது. அப்போது மெய்யான நோயாளியும் பொய்யனோடு வரிசையில் நின்று தன் நோயை நிரூபிக்க வேண்டிவரும். கலிபோர்ணியாவின் தாய்மாருக்கு நேர்ந்தது அதுவே. சில வைத்தியர் செய்த பிழைக்கு, புற்றுநோயுள்ள பிள்ளையின் தாய் இன்று படிவம் நிரப்புகின்றாள்.

வைத்திய நண்பர்களே! உங்களிடம் வரும் பெற்றோர் அச்சத்தோடு வருகின்றனர். அவர்களை ஏளனஞ் செய்யாதீர்கள். அரைமணி நேரம் அமர்ந்து கேளுங்கள், விளக்குங்கள். கேட்பதற்கு நேரமில்லாத நல்ல வைத்தியர் அனுப்பிவிடும் தாயே, கேட்பதற்குக் கட்டணம் வாங்கும் மற்றவரிடம் போகின்றாள். ஆனால் கேட்டபின், காரணம் இல்லாவிடின் பேனாவைத் திறக்காதீர்கள்.

என் தொழிற் சகோதரர்களே! கட்சிக்காரனுக்குத் தவணை வாங்க வைத்தியரின் வாசலுக்கு அவனை அனுப்பும் வழக்கத்தை நாம் நம்மிலிருந்தே நிறுத்த வேண்டும். சிறு பொய்க்குப் பழகிய கை பெரும் பொய்க்குக் கூசாது.

கமக்காரப் பெருமக்களே, தாய்மார்களே! உங்களுக்கு ஊசியைப் பற்றி ஐயமிருந்தால் வாய்விட்டுக் கேளுங்கள். குடும்பநல மருத்துவமாதைக் கேளுங்கள், வைத்தியரைக் கேளுங்கள், திருப்தியாகும்வரை கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. ஆனால் இல்லாத நோயை எழுதித் தருமாறு மட்டும் எவரையும் கேளாதீர்கள். அந்தப் பத்திரம் உங்கள் பிள்ளையின் உடலுக்கு ஒரு துளி பலத்தையும் தராது. ஊருக்குட் சின்னமுத்து வந்தால் உங்கள் பிள்ளையிடமும் வரும். அயல்வீட்டிலே நோயோடு போராடும் பிள்ளையிடமும் வரும். அந்தப் பிள்ளைக்கு வேறு வேலி கிடையாது.